ஈரல் பழுதாய் இருக்கும்போது பித்தப்பைக்குக் கேமரா ஒப்பரேசன்

"வயித்தெல்லாம் கிழிக்க மாட்டாங்க, சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டு எடுத்துருவாங்க, ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்." பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்த உடனே எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது இதுதான், பெரும்பாலானவர்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் அதே ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு வரி கீழே போய், ஈரல் சுருங்கி மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கிறது, மண்ணீரல் பெருத்திருக்கிறது என்றும் எழுதியிருந்தால், அந்த ஆளுக்கு இதை அப்படிச் சாதாரணமாகச் சொல்லிவிடக் கூடாது. வயிற்றில் விழும் தழும்பு எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஈரல் தாங்குமா தாங்காதா என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

என் சித்தப்பாவுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தது. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். ஈரல் சுருங்கி இறுகிப்போகும் இந்த நோயைத்தான் டொக்டர்மார் சிரோசிஸ் என்கிறார்கள். அந்தப் பெயர் வந்த நாளிலிருந்து நாங்கள் இருக்கும் லயத்து வீடுகளில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது: ஆள் ஒளிந்து ஒளிந்து குடித்திருக்கிறார் என்று. அவர் குடித்ததே இல்லை. பல வருசமாகச் சீனி வியாதி, வயிறு கொஞ்சம் தொந்தி, ஈரலில் கொழுப்பு, அந்தக் கொழுப்பு உள்ளுக்குள்ளேயே ஈரலைத் தழும்பாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. இலங்கையில் இன்றைக்குச் சிரோசிஸுக்கு முக்கியமான காரணங்களில் கொழுப்பு ஈரலும் ஒன்று, குடி மட்டுமில்லை. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடிகாரன் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஈரல் நோயை மறைத்துக்கொண்டு ஒப்பரேசன் மேசைக்குப் போகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து.

ஈரல் கெட்டவர்களுக்குப் பித்தக்கல் வருவதும் தற்செயல் இல்லை. மற்றவர்களைவிட அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. பெருத்த மண்ணீரல் இரத்தச் சிவப்பணுக்களைச் சீக்கிரம் சீக்கிரமாக உடைக்கிறது, அந்த நிறப்பொருள் பித்தத்தில் சேர்கிறது; ஈரல் செய்யவேண்டிய பித்த உப்பு குறைகிறது; பித்தப்பையும் சரியாகச் சுருங்கிக் காலியாவதில்லை. அதனால் இவர்களுக்கு வருவது பெரும்பாலும் கறுப்பு நிறக் கற்கள். நல்ல செய்தி என்னவென்றால் அந்தக் கற்களில் அதிகமானவை வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லையும் கொடுக்காமல் சும்மா கிடக்கும். கல் இருக்கிறது என்பதற்காக மட்டும் சிரோசிஸ் நோயாளியை மேசையில் ஏற்றக்கூடாது என்பதுதான் பொதுவான மருத்துவ முடிவு. வலி வந்து, அந்த வலி கல்லால்தான் என்று உறுதியானால்தான் ஒப்பரேசன் பேச்சே.

அந்த உறுதிதான் கஷ்டம். சித்தப்பாவின் முதல் ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது என்று வந்தது. வழக்கமாக அப்படியென்றால் பித்தப்பையில் அழற்சி என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்து, வயிற்றில் நீர் கோத்திருக்கும் ஈரல் நோயாளிக்கு அழற்சியே இல்லாமலும் அந்தச் சுவர் ஊதித் தடித்துத் தெரியும். மஞ்சள் காமாலையும் அப்படித்தான். கண் மஞ்சளாகிவிட்டது, கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்துவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் ஈரலே களைத்துப்போய் மஞ்சள் ஏறியிருக்கும். அந்த நிலையில் போய்ப் பித்தப்பையை எடுத்தால் காமாலையும் போகாது, ஈரல் இன்னும் விழுந்துவிடும். எங்களுக்கு வாய்த்த சேர்ஜன் அவசரப்படவில்லை. வலி சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறதா, வலது விலாவுக்குக் கீழே வந்து தோள்பட்டைக்கு ஏறுகிறதா, காய்ச்சல் இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் சிங்களத்தில் கேட்க, வார்ட்டில் இருந்த ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தமிழில் சொல்ல, சித்தப்பா "ஆமாங்க, சோறு தின்னு ஒரு மணி நேரத்துல இந்தா இங்க புடிச்சு இழுக்குதுங்க" என்று கையை வைத்துக் காட்டினார். அந்த ஒரு பதில் சரியாகப் போய்ச் சேருவதில் எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது, முடியாவிட்டால் வார்ட்டில் தமிழ் தெரிந்தவர் யாரென்று கேட்டு, அவர் வரும்வரை "ஆமா ஆமா" என்று தலையாட்டாமல் இருங்கள்.

சரி, ஈரல் இறுகியவருக்கு இந்த ஒப்பரேசன் ஏன் வேறு மாதிரி?

குடலில் இருந்து வரும் இரத்தமெல்லாம் ஒரு பெரிய நாளத்தின் வழியாக ஈரலுக்குள் நுழைய வேண்டும். ஈரல் இறுகிப்போனால் அதற்கு உள்ளே வழி இல்லை. மலைச்சரிவில் தண்ணீர் ஓடும் கான் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேயிலைச் செடிகளுக்குள் கண்டபடி வழி பிடித்து ஓடுமே, அதே மாதிரி அந்த இரத்தம் பக்கத்தில் இருக்கும் மெல்லிய நாளங்களில் ஏறி அவற்றை வீங்க வைத்துவிடும். உணவுக்குழாயில், பித்தப்பையைச் சுற்றி, தொப்புளைச் சுற்றி. சேர்ஜன் சித்தப்பாவைப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கி, ஜன்னல் பக்கமாகத் திரும்பச் சொல்லி, தொப்புளைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவித் தடவிப் பார்த்தார். எங்களுக்கு அப்போது விளங்கவில்லை, வலி மேலேதானே, இவர் ஏன் தொப்புளைப் பார்க்கிறார் என்று நினைத்தோம். கேமரா போகும் முதல் துளை வழக்கமாகத் தொப்புள் பக்கத்தில்தான் போடுவார்கள். அங்கே தோலுக்கு உள்ளே வீங்கிய நாளம் ஓடினால் முதல் குத்திலேயே இரத்தம் பீறிட்டுவிடும். அதற்காகத்தான் அந்தத் தடவல். பிறகு துளையைக் கொஞ்சம் தள்ளித்தான் போட்டார்கள்.

இரத்தம் வந்தால் நிற்பதும் கஷ்டம். இரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்வது ஈரல். அது குறைவாகச் செய்கிறது. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளைப் பெருத்த மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது ஐம்பதாயிரம் அறுபதாயிரம் என்று நிற்கும். பித்தப்பை ஒட்டியிருக்கும் ஈரல் படுக்கையில் இருந்து அதைப் பிரித்தெடுக்கும்போதுதான் இந்தக் கசிவு அதிகம். அத்தோடு இறுகிய ஈரலைக் கருவியால் மேலே தூக்கிப் பிடிக்கவும் முடியாது, அது வளையாது, அழுத்தினால் கிழிந்துவிடும். அதனால் சிரோசிஸ் இல்லாதவர்களைவிட இவர்களுக்கு நேரம் கூடப் பிடிக்கும், இரத்தக்கசிவு கூட, பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டிய நிலைமையும் கூட. திறந்தால் தோற்றுவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. உயிரைக் காப்பாற்றத் திறக்கிறார்கள். இதை வீட்டில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

வயிற்றை ஊத வைக்கும் வாயுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. கேமராவுக்கு இடம் வேண்டுமென்று கரியமில வாயுவை உள்ளே அடைப்பார்கள், வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில். ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தப் பெரிய நாளத்தின் வழியாகத்தான் போகிறது. சாதாரண மனிதருக்கு அதன் அழுத்தம் 5 முதல் 10 மில்லிமீட்டர்தான். வெளியே இருந்து வாயு அதைவிட அதிகமாக அமுக்கினால் ஈரலுக்குப் போகும் இரத்தம் குறையும். நல்ல ஈரல் உள்ளவர்களுக்கு இதனால் என்ன நடக்கும் என்றால், ஒப்பரேசனுக்குப் பிறகு ஈரல் என்சைம்கள் கொஞ்சம் ஏறி, சில நாட்களில் தானாக இறங்கிவிடும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். கையிருப்பே இல்லாத ஈரலுக்கு அந்தச் சின்ன அடி பெரிய அடியாகலாம். அதனால்தான் இவர்களுக்கு முடிந்தவரை குறைந்த அழுத்தத்தில், சீக்கிரமாக, அனுபவமுள்ள கை செய்ய வேண்டும் என்கிறார்கள்.

இதையெல்லாம் வாசிக்கும்போது அப்படியானால் கேமரா ஒப்பரேசன் கூடாதோ என்று தோன்றும். ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சேர்ஜன் முதன்முதல் இந்த முறையில் பித்தப்பையை எடுத்தார். 1992-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுகூட, முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றுதான் சொன்னது. பிறகு அனுபவம் சேரச் சேர நிலைமை மாறியது. ஈரல் ஓரளவு தாக்குப்பிடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு, வயிற்றைத் திறந்து செய்வதைவிடக் கேமரா முறையில் இரத்த இழப்பும் காயத்தில் சீழ் பிடிப்பதும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் காலமும் குறைவு என்று ஆய்வுகள் காட்டின. பெரிய காயம் என்றால் வயிற்று நீர் அதன் வழியே கசியும், தையல் பிரியும், குடல் பிதுங்கும். சின்னத் துளையில் அந்தத் தொல்லை குறைவு. அதனால் ஒப்பரேசன் கட்டாயம் என்றால் இன்றைக்குக் கேமரா முறையைத்தான் முதலில் யோசிப்பார்கள், ஆனால் ஈரல் எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான்.

அந்த வகுப்பு உங்கள் கிளினிக் கொப்பியில் இருக்கும், அல்லது இருக்க வேண்டும். சைல்ட்-பியூ என்று சொல்வார்கள், ஏ, பி, சி என்று மூன்று. காமாலையில் ஏறும் பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., வயிற்றில் நீர், மூளைத் தடுமாற்றம் ஆகிய ஐந்தையும் பார்த்துப் புள்ளி போடுவார்கள். 5, 6 வந்தால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10 முதல் 15 வரை சி. வயிற்றைத் திறந்து செய்த எல்லா வகை ஒப்பரேசன்களையும், அவசரத்தில் செய்ததையும் சேர்த்து, 1980, 90-களில் வந்த ஆய்வுகளில் ஏ வகுப்பில் பத்துக்கு ஒருவரும் பி-யில் பத்துக்கு மூவரும் சி-யில் நான்குக்கு மூன்று பேருக்கு மேலும் இறந்திருந்தார்கள். இன்றைக்குத் திட்டமிட்டுச் செய்யும் பித்தப்பைக் கேமரா ஒப்பரேசனில் ஏ, பி வகுப்புக்காரர்களின் நிலைமை அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் சி என்றால் இப்போதும் பித்தப்பையில் கை வைக்காமல் வேறு வழிதான் பார்ப்பார்கள். பித்தப்பையில் சீழ் பிடித்தால் தோல் வழியாக ஒரு குழாய் விட்டு வடிப்பார்கள், அல்லது வாய் வழியாகக் கேமரா விட்டுப் பித்தக்குழாயில் சின்னக் குழாய் வைப்பார்கள், ஈரல் கொஞ்சம் தேறட்டும் என்று காத்திருப்பார்கள், ஈரல் மாற்று வரைக்கும்கூட யோசிப்பார்கள். அந்த ஆளைப் பார்த்து "கல்லை எடுக்காம ஏன் வச்சிருக்காங்க, காசு குடுத்துப் பிரைவேட்டுக்குப் போங்க" என்று தூண்டிவிடுவது பெரிய பாவம்.

சித்தப்பா பி-யில் இருந்தார், வயிற்றில் கொஞ்சம் நீர். முதலில் நீர் இறங்க மருந்து கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, ஏ-க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள். உப்பைக் குறைப்பது தோட்டத்து வீட்டில் லேசான காரியமா? கருவாடு, கட்டச் சம்பல், ஊறுகாய், இதெல்லாம் போனால் ரொட்டிக்கு என்ன மிஞ்சும். சித்தி பருப்பையும் முட்டையையும் கூட்டி, தேசிக்காயும் மிளகும் போட்டுச் சமாளித்தார். புரதம் குறையக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஈரல் வியாதிக்காரர் கஞ்சி மட்டும்தான் குடிக்க வேண்டும் என்ற பழைய பேச்சைக் கேட்டு ஆளை எலும்பும் தோலுமாக ஆக்கிவிடாதீர்கள். இரவு படுக்கப் போகுமுன் ஏதாவது ஒரு பிடி சாப்பிட வேண்டும், நீண்ட பட்டினி இந்த ஈரலுக்கு ஆகாது.

ஒப்பரேசனில் பித்தப்பையை முழுசாக எடுக்கவில்லை. ஈரலோடு ஒட்டிய பின்சுவரை அப்படியே விட்டுவிட்டு மற்றதை எடுத்தார்கள், பிரித்தால் இரத்தம் நிற்காது என்பதால். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டில் அதை ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு உறவுக்காரர் ஒருவர், "பாதிய விட்டுட்டாங்களாமே, சரியாச் செய்யல போல" என்று கிளப்பிவிட்டார். ஈரல் நோயாளிக்கு அது தெரிந்தே செய்யும் பத்திரமான முறை.

பிறகு வந்த நாட்கள்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவை. மற்றவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகும் அதே நேரத்தில் இவர்களுக்கு ஈரல் சறுக்கத் தொடங்கலாம். சித்தப்பாவின் ஒரு துளையில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் காலையில் பார்த்தால் ஊறிப்போய் இருந்தது, சீழ் இல்லை, வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், சாரத்தின் மடிப்பு வரை நனைந்திருந்தது. வயிற்று நீர் கசிகிறது என்றார்கள். அதன் வழியாகக் கிருமி உள்ளே போகலாம் என்பதால் அன்றைக்கே இன்னொரு தையல் போட்டு, மருந்தை மாற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அப்படி நடந்தால் துணியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு இருக்காமல் உடனே போக வேண்டும்.

வலிக்கு எடுக்கும் மருந்தில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது. எங்கள் கீழ் டிவிசனில் ஒரு அண்ணனுக்கு இதே மாதிரி ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்க, ஈரல் நோய் இருக்கிறதா என்று விசாரிக்காமலே டைக்குளோஃபெனக் கொடுத்துவிட்டார்கள். சில நாளில் மூத்திரம் குறைந்து, கால் வீங்கி, திரும்ப ஆஸ்பத்திரி. டைக்குளோஃபெனக், இபுபுரோஃபென் இரண்டும் சிரோசிஸ்காரரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். பின்பக்கம் வைக்கும் மருந்தாக வந்தாலும் அது அதே மருந்துதான். பெனடோல், அதாவது பரசிட்டமோல், ஈரலுக்குக் கூடவே கூடாது என்று பயப்படுகிறார்கள், ஆனால் அளவோடு எடுத்தால் இவர்களுக்கு அதுதான் பத்திரம்; பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்குக்குள் என்று சொல்வார்கள், உங்கள் அளவை உங்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் தரும் குளிசை, பலமான வலி ஊசி, மலச்சிக்கல் இவை மூன்றும் மூளையைக் குழப்பும். ஆள் பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருந்தால், பேரன் பெயரை மாற்றிக் கூப்பிட்டால், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்தால், அசதி என்று விட்டுவிடாதீர்கள். வயிறு ஊதுவது, கறுப்பாக மலம் போவது, காய்ச்சல், கண் மஞ்சள் ஏறுவது, இதில் எது வந்தாலும் 1990 ஆம்புலன்ஸுக்கு அடியுங்கள், பாதை எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

குடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம், யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை. தினமும் சாராயமோ கசிப்போ குடித்து வந்தவர் வார்ட்டில் படுத்த உடனே குடி நின்றுவிடும், ஒன்றிரண்டு நாளில் நடுக்கம், வியர்வை, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு என்று வரலாம். ஒப்பரேசன் முடிந்த நேரமும் அதே நேரமாக இருந்தால், இது ஈரலால் வந்த குழப்பமா குடி நின்றதால் வந்த குழப்பமா என்று டொக்டருக்குப் பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் கடைசியாக எப்போது, எவ்வளவு என்று மனைவியோ மகனோ ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கீழாநெல்லி, கசாயம், நாட்டு வைத்தியர் கொடுத்த உருண்டை எது எடுத்திருந்தாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், திட்டுவார்கள்தான், பரவாயில்லை.

ஒப்பரேசனுக்குப் போகுமுன் டொக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "கேமராவா, கிழிக்கிறதா" என்பதை எல்லாம்விட முன்னால், "இந்த வலி கல்லால்தானா, ஈரல் எந்த வகுப்பு, இப்பவே எடுக்கணுமா, ஈரலைத் தேத்திட்டு எடுக்கலாமா" என்பதுதான். முடிந்தால் நல்ல ஐ.சீ.யூ.வும் இரத்த வங்கியும் ஈரல் டொக்டரும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் திட்டமிட்டுச் செய்துகொள்ளுங்கள். மழை நாளில் மலையிறங்கும் பாதையில் கினிகத்தேனை வளைவுகளில் இரத்தம் வழிய ஆளை இறக்கிக்கொண்டு போகும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. அவசரத்தில் செய்யும் ஒப்பரேசனில்தான் இவர்கள் அதிகம் போய்விடுகிறார்கள்.

சித்தப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், அந்த இழுத்துப் பிடிக்கும் வலி இல்லை. ஈரல் அப்படியேதான் இருக்கிறது, பித்தப்பையை எடுத்ததால் அது ஒன்றும் திருந்திவிடாது. உணவுக்குழாயில் வீங்கிய நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள், அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனும் எடுக்க வேண்டும், சிரோசிஸ் உள்ள ஈரலில் புற்றுநோய் வந்தால் ஆரம்பத்திலேயே பிடிக்க. "வலிதான் போயிருச்சே பாப்பா, ஒரு நாள் பேரு போயிருமே" என்று, ஒரு நாள் சம்பளத்தை நினைத்து, போன தடவை பின்வாங்கப் பார்த்தார். நானும் லீவு போட்டு, சித்தியையும் கூட்டிக்கொண்டு, காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.